பல்லில்லாத் தகடு

காலையிலேயே சுங்க ஏஜென்டுக்கு உதை விழுந்துவிட்டது. மர மில் முதலாளி ஆளனுப்பவில்லை, தானே வந்தான். அறைக் கதவைச் சாத்தினான். அலமாரியில் மாதிரிக்கு வைத்திருந்த கைரம்பங்களின் நடுவே தனியாகக் கிடந்த ஒரு மரக் கைப்பிடியை எடுத்தான். அதை ஏஜென்டின் விலாவில் திரும்பத் திரும்ப இறக்கினான்.

துறைமுகத்தில் அந்த ஏஜென்டை எல்லோரும் 'தலைப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். சரக்கு எதுவானாலும் அது சுங்கப் பட்டியலில் எந்தத் தலைப்பில் வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். தரையில் சுருண்டு கிடக்கும்போதுகூட அந்தப் பாழாய்ப்போன மூளை சும்மா இருந்ததா? 'கைப்பிடி தனியா வந்தால் மரச் சாமான், பிளேடோடு சேர்ந்து வந்தால் ரம்பம்' என்று ஓடிக்கொண்டிருந்தது. பைத்தியக்காரன்.

விஷயம் இதுதான். மில்லுக்கு வந்திருந்தது மரம் அறுக்கும் நீள பிளேடு, ஆள் உயரத்துக்குப் பெரிய சுருளாக. பல் வெட்டிய பிளேடு என்றால் அது ரம்பத் தலைப்பில் போகும். தீர்வையும் அதிகம், இறக்குமதி அனுமதியும் வேண்டும். மில்காரன் செய்த அக்கிரமங்களுக்காக அவனுடைய அனுமதியை அரசாங்கம் எப்போதோ பிடுங்கிவிட்டது. பல் வெட்டாத தகடு என்றாலோ வெறும் எஃகு, யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம். ஆகவே சுருளின் வெளிச் சுற்று மட்டும் மொழுமொழு தகடு, உள்ளே அத்தனையும் பல். பக்கவாட்டில் பல் தெரியாதபடி தடித்த அட்டை வைத்து இரும்புப் பட்டையால் இறுக்கியிருந்தார்கள். அதற்கு 'வெறும் தகடு' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவன் தலைப்பு.

இதே மாதிரி ஒரு வேலைக்கு முன்பிருந்த ஏஜென்ட் முடியாது என்று சொல்லிப் பார்த்தான். மில்காரன் அவன் தாடையை உடைத்தான். அவன் இன்றுவரை எதையும் மெல்ல முடியாமல் உறிஞ்சித்தான் குடிக்கிறான். தலைப்பு கையெழுத்துப் போட்டுவிட்டான். பயந்தாங்கொள்ளி என்று நீங்கள் சொல்லலாம். அடி உங்கள் விலாவில் விழவில்லையே.

"அவனுக்காவது தாடைதான் போச்சு. நீ வாயத் தொறந்தா உசுரே போயிடும்," என்றான் மில்காரன். கைப்பிடியை இருந்த இடத்திலேயே ஒழுங்காக வைத்துவிட்டு வெளியே போனான்.

சரக்குக் கொட்டகைக்கு வழக்கமாக வரும் அதிகாரி சுருளின் வெளி நுனியைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிடுவார். அவரை நம்பித்தான் மில்காரன் இந்தக் காரியத்தில் இறங்கியிருந்தான். கெட்ட நேரம், அன்று பார்த்து அவர் வரவில்லை. அவருக்குப் பதிலாக வந்த அதிகாரியம்மா சுருளைச் சுற்றி வந்தார், அட்டையை விரலால் சுண்டிப் பார்த்தார், பிரிக்கச் சொன்னார்.

அங்கே சரக்குப் பிரிக்கிறவன் தலைப்பின் கூடப்பிறந்த அண்ணன். முரடன், வாயும் கொஞ்சம் நீளம், ஆனால் தம்பி என்றால் உயிரை விடுவான். அப்பா போன பிறகு மூட்டை தூக்கித் தம்பியைப் படிக்க வைத்தவன் அவன்தான்.

சுருள் பிரிப்பதில் ஒரு முறை இருக்கிறது. காகிதத்தில் 'பல்லுள்ள பிளேடு' என்று இருந்தால் சுருளைத் தரையில் படுக்கப் போட்டு, வடக்கயிற்றால் சுற்றிக் கட்டி, தோல் கையுறை மாட்டிக்கொண்டு, பலகைக்குப் பின்னால் நின்று கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார்கள். உள்ளே இறுகிக் கிடக்கிற எஃகு, கட்டு விட்டதும் வெறியோடு விரியும். 'வெறும் தகடு' என்று இருந்தால் இவ்வளவு பாடு கிடையாது. சுருளை நிறுத்தி முழங்காலால் அணைத்துக்கொண்டு, ஒரு கையால் விளிம்பைப் பிடித்தபடி பட்டைகளைக் கத்தரிப்பார்கள். தகடு விரிந்து தட்டினால் தடிக்கும், அவ்வளவுதான். எதைப் பிரித்தாலும் அண்ணன் காகிதத்தைத்தான் நம்புவான். அன்று அது தம்பி எழுதிய காகிதம் வேறு, யோசிக்கவே இல்லை.

தம்பியைப் பார்த்ததும் அண்ணன் சிரித்தான். "என்னடா மூஞ்சி இப்படித் தொங்குது? வீட்டுல பூசை விழுந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, வெறும் கையோடு சுருளை அணைத்து நின்றான்.

தலைப்பு ஓர் எட்டு முன்னால் வைத்தான். பின்னால் ஒட்டி நின்ற மில்காரன், காலையில் அடித்த அதே விலாவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். முதல் பட்டை தெறித்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒருவன் கதறினான். அடுத்த பட்டையும் அறுந்தது. அட்டை இளகிக் கொஞ்சம் விலகியது, சுருள் முனகியது. "அண்ணே," என்று தலைப்பு வாயைத் திறந்தேவிட்டான். விலாவில் விரல் ஆழமாக இறங்க, மிச்சம் இருமலாகப் போயிற்று. கூப்பிட்ட குரலுக்கு அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். தம்பியைப் பார்த்துக்கொண்டே கடைசிப் பட்டையைக் கத்தரித்தான்.

சுருள் வெடித்தது. பல்லுள்ள பிளேடு சீறிக்கொண்டு விரிந்து, விளிம்பைப் பிடித்திருந்த கை வழியாக ஓடி, கன்னத்தைக் காதுவரை பிளந்து, பக்கத்து மரப்பெட்டியில் போய்க் குத்தி நின்று அதிர்ந்தது. அண்ணன் முதலில் கத்தவே இல்லை. தன் கையைத் தூக்கிப் பார்த்தான். விரல்கள் தரையில் கிடந்தன. அப்புறம்தான் அலறினான், அந்த அலறலை மட்டும் என்னால் எழுத முடியாது.

தலைப்பு சட்டையைக் கிழித்து அந்தக் கையைச் சுற்றி அமுக்கினான். ரத்தம் துணியை மீறிக் கொப்பளித்தது. அப்போதுதான் மில்காரன் குனிந்து அவன் காதோரம் பேசினான். பிரிக்கிறவன் குடித்துவிட்டு வந்திருந்தான், கவனமில்லாமல் பிரித்தான் என்று அதிகாரியிடம் சொல்லிவிடச் சொன்னான்.

அவ்வளவுதான். பக்கத்தில் கிடந்த கடப்பாரை எப்படிக் கைக்கு வந்ததென்று தலைப்புக்கே தெரியாது. முதல் அடியில் மில்காரனின் முழங்கால் பின்பக்கமாக மடங்கியது. விழுந்தவன் எழ முயன்றபோது தோளில் ஒன்று, பிறகு வாயில் ஒன்று. பல்லும் ரத்தமுமாகத் துப்பிக்கொண்டு மில்காரன் தரையில் ஊர்ந்தான். காவலாளிகள் வந்து பிடித்து இழுத்தபோதும் தலைப்பு காலால் உதைத்துக்கொண்டிருந்தான். இத்தனை காலம் எங்கே போயிருந்தது இந்த ரோஷம்?

பெட்டியில் சாய்ந்து கிடந்த அண்ணன் இதையெல்லாம் பார்த்தான். கிழிந்த கன்னத்தோடு, "என் தம்பிடா," என்றான், யாரிடமோ. தலைப்பு காவலாளிகளை உதறிவிட்டு ஓடிவந்து மறுபடி அந்தக் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அதிகாரியம்மா பெட்டியில் குத்தி நின்ற பிளேடின் பல்லைப் பார்த்தார், பிறகு தலைப்பைப் பார்த்தார். காகிதத்தில் இருக்கும் கையெழுத்து அவனுடையதா என்று கேட்டார். அவன் தலையசைத்தான்.

"உள்ள பல்லு இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தலைப்பு வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான். வலியில் நாக்குக் குழறியது, ஆனாலும் சொல்லிவிட்டான். "அவனுக்கு எப்படிம்மா தெரியும்? தெரிஞ்சா என்னைத் தொட விட்டிருப்பானா?"

மில்காரன் மயங்கிக் கிடந்தான். மறுத்துப் பேச அங்கே வேறு யாரும் இல்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணன் சாகும்வரை அதை நம்பியிருப்பான்.

"தெரியும்ணே," என்றான் தலைப்பு. "காலையில இருந்தே தெரியும்."

அண்ணன் அவனையே பார்த்தான். மெல்ல, மிக மெல்ல, தன் கையைத் தம்பியின் பிடியிலிருந்து உருவிக்கொண்டான். சுற்றியிருந்த சட்டைத் துணி நழுவித் தரையில் விழுந்தது. உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கூட்டி, அந்தக் கையாலேயே தம்பியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். கன்னத்தில் பட்டது வெறும் உள்ளங்கையும் ஒரு கட்டைவிரலும்தான்.