இருளப்பனின் தலை சலூனில் இருந்த நாட்கள்

எங்கள் ஊரில் ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தலையைக் கழற்றிச் சலூனில் கொடுத்துவிட்டு, சாயங்காலம் நான்கு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வார்கள். காசிமாயன் கடையில் நாற்காலி ஒன்றுதான். ஊரிலோ இரண்டு நூற்பாலைகள், ஆட்கள் அதிகம். எல்லோரும் வந்து உட்கார்ந்தால் இடம் போதாது. தலை மட்டும் என்றால் கண்ணாடிக்கு எதிரே உள்ள நீளப் பலகையில் பன்னிரண்டு வரை வைக்கலாம். உடம்பின் மணிக்கட்டில் ஒரு பித்தளை வில்லையைக் கட்டி அனுப்பிவிடுவார். அதே எண் தலைக்குக் கீழே விரித்த துணியிலும் இருக்கும்.

உடம்பு அதன் பாட்டுக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை வேலைகளைப் பார்க்கும். கறி வாங்கும், சைக்கிளுக்குக் காற்றடிக்கும், கொடியில் துணி காயப்போடும். நான் எப்போதும் தலையின் பக்கம்தான். உடம்பு என்ன செய்தது என்பதை வீட்டுக்குப் போய் அடுப்படியைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். ஒரு வாரம் கறிக்குப் பதிலாகக் கருவாடு வாங்கி வைத்திருந்தது. நான் அதையே வறுத்துச் சாப்பிட்டேன். அதற்கும் ஆசை இருக்கும்.

காசிமாயனைப் போல ஒரு தலையைப் பிடிக்கத் தெரிந்தவரை நான் பார்த்ததில்லை. இரண்டு காதுகளுக்குக் கீழேயும் உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்குவார். குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல இருக்கும். மில்லில் வேலை செய்கிறவன் தலையில் பஞ்சு படிந்திருக்கும். அவசரக்காரர்கள் அதன்மேலேயே தண்ணீரை ஊற்றுவார்கள். பஞ்சு முடியோடு முறுக்கிக்கொண்டு பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். காசிமாயன் முதலில் காய்ந்த தலையை மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுப்பார். பிறகு எண்ணெய். அதை முடியில் பூசமாட்டார், விரல் நுனியால் வேரில் வைத்து ஒரு மணி நேரம் ஊறவிடுவார். ஷாம்பூவை உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் கரைத்த பிறகுதான் தலைக்குக் கொண்டுபோவார். துண்டால் தேய்க்கவே மாட்டார், ஒற்றி எடுப்பார். ஒருவர் சீப்பு இன்னொருவர் தலையில் படாது. முகத்தைச் சவரம் செய்யும் முன் வெந்நீர்த் துணியை ஐந்து நிமிடம் போட்டு வைப்பார். முடி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே கத்தியும் போகும். எதிர்த்துப் போனால் முகம் கோபித்துக்கொள்ளும் என்பார். காது மடலில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை மயிரைக்கூட விடமாட்டார். அதே நேரம் யாரிடமும் அதைச் சுட்டிக்காட்டிச் சிரித்ததும் கிடையாது.

போன பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்கு மணிக்கு எல்லா உடம்புகளும் வந்தன. இருளப்பனின் உடம்பு மட்டும் வரவில்லை.

இருளப்பன் எங்கள் மில்லில் இழை அறுந்தால் ஒட்டுகிற வேலை செய்தவன். நாற்பது வயது. எங்கள் தெருவில் அவன் குரலைக் கேட்காமல் ஒரு நாளும் விடியாது. குழம்பில் உப்பு, குழாயில் தண்ணீர், எதிர்வீட்டு ரேடியோ, எதுவானாலும் சத்தம்தான். அவன் தலையும் அப்படித்தான் இருக்கும். முடி தேங்காய் நார்போலக் காய்ந்து, தோள் முழுக்கப் பொடுகு உதிர்ந்து, நான்கு நாள் தாடியோடு. சலூனுக்கே மாதம் ஒரு முறைதான் வருவான். வரும்போதெல்லாம் சீக்கிரம் முடிக்கச் சொல்லிச் சத்தம் போடுவான்.

அன்று காசிமாயன் ஆறு மணி வரை பார்த்தார். பிறகு தலைக்குக் கீழே இன்னொரு துணியை மடித்து வைத்துவிட்டுக் கடையைச் சாத்தினார். மறுநாள் காலை ஷிஃப்டுக்கு முன்பே இருளப்பன் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

அவன் மனைவி சண்முகக்கனி வாசலில் நின்றாள். அவளும் மில்லில்தான், நூல் சுற்றுகிற பிரிவில். உள்ளே இருளப்பனின் உடம்பு குடத்தைத் தோளில் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்து இறக்கியது. பிறகு துடைப்பத்தை எடுத்தது.

"உடம்பு இங்கதாண்ணே இருக்கு," என்றாள். "வில்லையைக் கழட்டி வச்சிட்டேன்."

"தலை அங்க இருக்கு தாயி."

"இருக்கட்டும்ண்ணே. கொஞ்ச நாளைக்கு அங்கயே இருக்கட்டும். நேத்து சாயங்காலம் இது என் பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்கிட்டிருந்துச்சு. பதினாலு வருஷத்துல முத தடவை."

காசிமாயன் தலையாட்டினார். அவனுக்கென்று ஒரு துண்டும் சீப்பும் தனியாக வேண்டும், வசதிப்படும்போது கொண்டுவந்தால் போதும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

உடம்பு மட்டும் வேலைக்கு வந்ததால் மில்லிலும் ஒரு தொந்தரவும் இல்லை. இழை ஒட்டுவதற்குக் கைதான் வேண்டும். சூப்பர்வைசர் ஒரு நாள் வந்து நின்று பார்த்தார். இந்த வரிசையில் சத்தம் குறைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் ஷிஃப்ட் முடிந்ததும் சலூனில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது என் வழக்கம். அதனால் அந்த நாட்களில் இருளப்பனின் தலையை நான் தினமும் பார்த்தேன். முதல் இரண்டு வாரம் அது வாயை மூடவில்லை. காசிமாயனைத் திட்டியது, சண்முகக்கனியைத் திட்டியது, என்னைப் பார்த்து, "தவசி, நீ எல்லாம் ஒரு கூட்டாளியாடா" என்றது. தன் உடம்பு நன்றிகெட்டது என்றது. காசிமாயன் தினமும் எண்ணெய் வைத்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீயக்காய் போட்டு அலசினார். பொடுகுக்கு வெந்தயத்தை ஊறவைத்து அரைத்துப் பூசினார். சீப்பைத் தினமும் கழுவினார், கீழே விரித்த துணியைத் தினமும் மாற்றினார். திட்டிக்கொண்டிருக்கும் வாயைச் சுற்றிச் சவரம் செய்வது லேசான காரியம் இல்லை. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளியில் கத்தி உள்ளே போய் வெளியே வரும். ஒரு கீறல்கூட விழவில்லை. நான் பேப்பரை மடித்துவைத்துவிட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை, தலையை அலசிக்கொண்டிருக்கும்போது இருளப்பன் நடுவில் நிறுத்தினான்.

"அண்ணே, தண்ணி கொஞ்சம் சூடு கம்மியா இருந்தா நல்லா இருக்கும்."

"சரி இருளப்பா," என்று காசிமாயன் ஒரு செம்பு பச்சைத் தண்ணீரைக் கலந்தார்.

அதற்குப் பிறகு அன்று அவன் யாரையும் திட்டவில்லை. மறுநாள், வகிடை வலப்பக்கம் எடுத்தால் எப்படி இருக்கும் என்று கேட்டான். எடுத்துப் பார்த்தார்கள். நன்றாக இருந்தது. முடியில் ஒரு மினுக்கம் வந்திருந்தது. புருவம் சீராகி, மீசையின் இரண்டு ஓரமும் உதட்டின் கோட்டோடு நின்றன. இருளப்பனுக்கு இவ்வளவு அகலமான நெற்றி இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வந்த மற்றத் தலைகள் அவனுக்குப் பக்கத்தில் இடம் கேட்டன. அவனும் பொறுமையாகப் பேசினான். ஈரத் தலையோடு படுக்கக் கூடாது, தலையணை உறையை வாரம் ஒரு முறை துவைக்க வேண்டும், முகத்துக்குப் போடும் சோப்பைத் தலைக்குப் போடாதீர்கள் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தான். யாரையும் அதட்டவில்லை.

ஒரு நாள் கடையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். காசிமாயன் அவனுக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தீபாவளிக்கு அவ எனக்கு எண்ணெய் தேய்ச்சுவிட வந்தா," என்றான் இருளப்பன். "நூல் அறுத்து அறுத்து அவ விரலெல்லாம் கீறலா இருக்கும். கை சொரசொரன்னு இருக்குன்னு தள்ளிவிட்டேன். அதுக்கப்புறம் அவ வரல. நானும் கூப்பிடல."

காசிமாயனின் விரல்கள் நிற்கவில்லை. "எந்தத் தீபாவளி?" என்றார்.

"முத தீபாவளி."

சித்திரை பிறந்து ஒரு வாரம் கழித்துச் சண்முகக்கனி துண்டும் சீப்பும் கொண்டுவந்தாள். அது ஷிஃப்ட் விட்ட நேரம். புடவையில் பஞ்சு ஒட்டியிருந்தது. பலகையில் அன்று நான்கு தலைகள் இருந்தன. அவசரமாக வெளியூர் போகிறவர்கள் வார நாளிலும் கொடுப்பதுண்டு. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே கடைசி வரை போய்த் திரும்பி வந்தாள்.

"அவரை எங்கண்ணே வச்சிருக்கீங்க?"

காசிமாயன் கத்தியைத் துடைத்தார். அவள் மறுபடியும் பார்த்தாள். மூன்றாவது தலையின் முன்னால் நின்றாள்.

"இது யாரு?"

"நான்தான் கனி," என்றது தலை.

அவன் அவளை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஏய்" என்றுதான் கூப்பிடுவான். அவள் துண்டைப் பலகையில் வைத்தாள். பிறகு அதை எடுத்து மறுபடி மடித்து வைத்தாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது, நான் பேப்பருக்குள் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"தாயி," என்றார் காசிமாயன், "எனக்கு இன்னைக்கு மணிக்கட்டு வலிக்குது. எண்ணெய்க் கிண்ணம் அங்க இருக்கு. வேர்ல மட்டும் வச்சாப் போதும்."

அவள் கிண்ணத்தை எடுத்தாள். நான்கு விரல்களை நனைத்து, அவன் உச்சியில் வைத்தாள். இருளப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

"கை உரசுதா?" என்று கேட்டாள்.

"உரசுது," என்றான். "எடுக்காத."

அதன் பிறகு அவள் தினமும் ஷிஃப்ட் விட்டதும் வந்தாள். காசிமாயனுக்கு அந்த நேரத்துக்குச் சரியாக மணிக்கட்டு வலி வந்துவிடும். அவர்கள் இருவரும் பேசுவது எனக்குக் கேட்காது, மெதுவாகத்தான் பேசுவார்கள். ஒரு நாள் அவள் சிரித்தாள். பலகையில் இருந்த மற்றத் தலைகள் மரியாதைக்காகச் சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டன.

இரண்டு வாரம் கழித்து அவள் உடம்பையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அதன் மணிக்கட்டில் வில்லை இருந்தது. உடம்பு துவைத்த சட்டை போட்டிருந்தது, நகமெல்லாம் வெட்டியிருந்தது. வாசற்படியிலேயே நின்றுகொண்டது.

"வீட்டுக்குப் போவமா?" என்று அவள் தலையைக் கேட்டாள்.

இருளப்பன் உடம்பைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"அது உன்னை நல்லா வச்சிருக்கு கனி. நான் வந்து மேல உக்காந்து பழையபடி கெடுத்துட்டேன்னா? நான் இங்கயே இருந்துக்கிறேன். நீ தினமும் வந்தாப் போதும்."

"அதுகிட்டயும் கேக்கணும்ல," என்றாள் அவள்.

எல்லோரும் உடம்பைப் பார்த்தோம். அதற்குச் சொல்ல வாய் இல்லை. அது உள்ளே வந்தது. பலகையில் இருந்த இருளப்பனின் சீப்பை எடுத்தது. வகிடு எங்கே என்று விரலால் தடவிப் பார்த்தது. பழைய வகிடு இடப்பக்கம், அதற்கு அதுதான் பழக்கம். விரல் அங்கே போய், முடி வேறு பக்கம் சாய்ந்திருப்பதை உணர்ந்து, மெதுவாக வலப்பக்கம் வந்தது. அங்கே ஒரே இழுப்பில் நேராக வகிடு எடுத்தது. பிறகு இரண்டு காதுகளுக்குக் கீழேயும் உள்ளங்கையைக் கொடுத்தது. காசிமாயன் பிடிப்பதுபோலவே இருந்தது. எங்கே கற்றுக்கொண்டது என்று தெரியவில்லை. காசிமாயன் அதைக் கவனித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் முன்பு பார்த்ததில்லை.

தலை கழுத்தில் பொருந்தியது. இருளப்பன் ஒரு முறை இருமினான்.

"ஏதாவது பேசுங்க," என்றாள் சண்முகக்கனி.

"குடம் தூக்கித் தோள்பட்டை வலிக்குது," என்றான்.

"நான் தேய்ச்சுவிடுறேன்."

"சரி," என்றான். வில்லையை அவிழ்த்துக் காசிமாயன் கையில் கொடுத்துவிட்டு அவளோடு தெருவில் இறங்கினான். அவன் ஒரு கையில் துண்டும் சீப்பும் இருந்தன, இன்னொரு கையை அவள் பிடித்திருந்தாள். தேரடி திரும்பும்வரை அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி எங்கள் தெருவில் ஒரு சத்தமும் எழவில்லை. அவன் எதிர்வீட்டு ரேடியோ வழக்கம்போல ஓடியது.

இந்தச் செய்தி பரவப் பரவக் காசிமாயனின் பெயர் வெளியூர்களுக்கும் போனது. பஸ் ஏறி வந்தார்கள். பலகைக்கு மேலே இன்னொரு பலகை அடித்தார். இருந்தாலும் ஒரு தலைக்குக் கொடுக்கிற நேரத்தில் ஒரு நிமிடம்கூட அவர் குறைக்கவில்லை.

வைகாசியில் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, ஊருக்குக் கிழக்கே இருக்கும் மலை வந்தது. வாசல் குறுகல் என்பதால் பக்கவாட்டில் திரும்பி நுழைந்தது. பலகையில் இருந்த நாங்கள் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டோம். காசிமாயன் நாற்காலியைத் தட்டிவிட்டு உட்காரச் சொன்னார். வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டி, சரிவுகளில் விரலை விட்டுப் பார்த்தார். வெயிலில் ரொம்பக் காய்ந்திருந்தது.

"ஓரத்துல எவ்வளவு குறைக்கட்டும்?" என்று கேட்டார்.

மலை ஏதோ சொன்னது. அவர் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, இது ஒரு நாளில் முடியாது, எப்படியும் மூன்று வாரம் ஆகும், அதுவரை மலை நின்ற இடத்தில் யாராவது நிற்க வேண்டும் என்றார்.

திங்கட்கிழமை ஷிஃப்டை மாற்றிக்கொண்டு நான் போய் நின்றேன். பத்து மணிவாக்கில் ஒரு மேகம் வந்து என் தோளில் சாய்ந்தது.