கண்ணாடிக்குள் புலி

பதினோரு மணிக்கு ஆயத்த ஆடை ஆலையிலிருந்து வேலைக்கு அழைப்பார்கள் என்று காத்திருந்த தையல்காரி, சமையலறையிலிருந்து வந்து பார்த்தபோது ஃபோன் அணைந்து தரையில் கிடந்தது. அதன் சார்ஜர் புருஷனின் கையடக்க விளையாட்டுக் கருவியில் சொருகியிருந்தது. அவன் அந்தக் கருவியின் படம் கண்ணெதிரே தெரியும் வீடியோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு சோபாவில் நெளிந்துகொண்டிருந்தான்.

"சார்ஜர்லேருந்து என் ஃபோனை ஏங்க பிடுங்குனீங்க?"

"சும்மா இருடி, அரக்கன் சாகப்போறான். கண்ணு முன்னால நூறு இஞ்ச் திரை!"

"திரை தெரியுது, நாலடியில நிக்கிற பொண்டாட்டி தெரியல. வீட்டுல எலி, வெளியில புலிம்பாங்க. நீங்க ரெண்டு எடத்துலயும் எலி, கண்ணாடிக்குள்ள மட்டுந்தான் புலி."

சார்ஜரை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, ஆலைக்கு நேரிலேயே போகச் செருப்பை மாட்டினாள்.

"அடியே, இதுல சார்ஜ் மூணு சதவீதந்தான் இருக்கு!"

"உங்களை அடிக்க அரக்கனுக்கு அது போதும்" என்று படியிறங்கினாள்.