ஆள் கயிறு

பாடைக்குக் கயிறு பத்தவில்லை. தலைமாட்டில் இரண்டு கட்டுப் போட்டதுமே தேங்காய்நார்க் கயிறு தீர்ந்துவிட்டது. பச்சை மூங்கிலை முழங்காலால் அழுத்திக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து, இன்னொரு துண்டு கொண்டாங்கப்பா என்றார். மரம் வெட்டுகிறவன் வீட்டில் கயிற்றுக்கா பஞ்சம் என்று நினைத்தோ என்னவோ, ஒருவர் கொட்டகைக்குள் போய், சுவரோரம் கிடந்த சாக்கைப் பிரித்து, சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தார்.

“அதத் தொடாதீங்க.”

உள்ளே பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த தாமரைச்செல்விதான் சொன்னாள். நேற்று மத்தியானத்திலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து வெள்ளைத் துணி சுற்றிப் புருஷனை இறக்கியபோதுகூட அவளுக்கு அழுகை வரவில்லை. அதனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கொண்டுவந்தவர் பாம்பைப் போடுகிற மாதிரி கயிற்றைக் கீழே போட்டுவிட்டார்.

இளையபெருமாள் விழுந்தது நேற்றுக் காலை, காரைக்காலில் ஒரு மாடி வீட்டின் மேல் சாய்ந்து நின்ற தூங்குமூஞ்சி மரத்திலிருந்து. நாற்பதடி உயரம். ஒரு கவட்டையைத் தாண்டிப் போவதற்காக இடுப்பிலிருந்த குட்டைக் கயிற்றைக் கழற்றியிருக்கிறான். அந்த ஒரு நிமிஷம் பெரிய கயிற்றை மட்டும் நம்பித் தொங்கினான். அது அறுந்தது. வாங்கி மூன்று வாரம்கூட ஆகாத கயிறு. அறுந்த முனையை போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு முழம் வெட்டி எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சாக்கில் போட்டுக் கொடுத்தனுப்பிவிட்டார்கள்.

மூன்று வாரத்தில் அறுந்தால் ஊர் சும்மா இருக்குமா? டூப்ளிகேட் கயிறு என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அதை ஷார்ஜாவிலிருந்து வாங்கி வந்தவன் அஜ்மீர். இளையபெருமாளோடு ஒரே பெஞ்சில் படித்தவன், அங்கே பேரீச்ச மரம் கழிக்கும் கம்பெனியில் வேலை. லீவுக்கு வந்தவன் பெட்டியில் தனக்கென்று ஒன்றும் வைக்காமல் கயிறு, இடுப்பு பெல்ட், ஹெல்மெட் என்று அடைத்துக்கொண்டு வந்தான். நேற்றுச் சாயந்திரம் அவன் ஓடிவந்தபோது, செத்தவனுக்கு மூத்தவன் தங்கப்பன் வாசலிலேயே மறித்தான். மூணு வாரத்துல அறுந்துபோற கயித்த உசுரோட இருக்கறவனுக்கு எவனாவது குடுப்பானாடா என்று கேட்டான். அஜ்மீர் வந்த வழியே திரும்பிப் போனான். விடிந்ததிலிருந்து தெருமுனை டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறான்.

அவன் மனைவி ஜஸீலாவை மட்டும் யாரும் தடுக்கவில்லை. அவள் வந்து தாமரையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “ராத்திரி பூரா அந்தக் கடைக்குப் போன் போட்டுக்கிட்டே இருந்தாங்க. பெருமாள நானே கொன்னுட்டேன், நானே கொன்னுட்டேன்னு அழுவுறாங்க தாமரை. இனிமே ஷார்ஜாவுக்குப் போவ மாட்டாங்களாம், எங்கயுமே போவ மாட்டாங்களாம். எனக்குப் பயமா இருக்கு.”

தாமரை கையை உருவிக்கொண்டாள். அந்தக் கை சுட்டது அவளுக்கு.

மரம் வெட்டுகிற வீட்டில் கயிறு இரண்டு ஜாதி. வெட்டிய கிளையைக் கட்டி, அடிமரத்தில் நாலு சுற்றுச் சுற்றி, கீழே நிற்பவன் விட்டு விட்டு இறக்குவது பாரக் கயிறு. அது அடிபடும், உரசும், சேற்றில் புரளும். ஆள் கயிறு அப்படியில்லை. அது மனுஷனை மட்டும் தாங்கப் பிறந்தது. அஜ்மீர் அதைக் கொடுத்த அன்றைக்கே தாமரையையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னான்: ஒரே ஒரு தடவை இதில் வேறு எதையாவது கட்டி இழுத்தாலும் அப்புறம் இது கயிறு இல்லை, மேல்தோல் நன்றாக இருக்கும், உள்ளே செத்துப் போயிருக்கும். இளையபெருமாள் அதை ஆணியில்கூட மாட்டமாட்டான். தினம் காலையில் வாசலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, முழுக் கயிற்றையும் இடது கைப்பிடிக்குள் விட்டு அங்குலம் அங்குலமாக இழுத்துப் பார்ப்பான். தொளதொளப்பாக ஓரிடம் பட்டாலும் அன்றைக்கு மரம் ஏறக்கூடாது என்பது கணக்கு. எங்க வூட்டுக்காரர் பூஜை பண்றாரு என்று தாமரை கேலி செய்வாள்.

முந்தாநாள் வியாழக்கிழமை அவன் சங்கிலி ரம்பத்துக்குச் சாணை பிடிக்கப் போயிருந்தபோது அவள் தம்பி கார்முகில் வேர்க்க விறுவிறுக்க வந்தான். வைக்கோல் ஏற்றிய அவனுடைய குட்டியானை வண்டி வாய்க்காலில் இறங்கிவிட்டது. டிராக்டர் இருக்கிறது, கயிறு இல்லை. பாரக் கயிறு வேலை நடக்கிற இடத்தில் மரத்தோடு கட்டிக் கிடந்தது. தாமரை ஒரு நிமிஷம் யோசித்தாள். எண்பது கிலோ ஆளை நாற்பதடியில் தாங்குகிற கயிறு, ஒரு வண்டியை இழுக்காதா? எடுத்துக் கொடுத்துவிட்டாள். வாய்க்காலின் சிமெண்டு விளிம்பில் தேய்த்துத் தேய்த்து இழுத்தார்கள், வண்டி மேலே வந்தது. அவன் வருவதற்குள் அவளே சோப்புத்தூள் போட்டு அலசி, மாட்டுக்கொட்டகை நிழலில் காயவைத்து, அவன் சுருட்டுகிற மாதிரியே சுருட்டி வைத்தாள். பார்த்தால் புதுசு மாதிரியே இருந்தது.

இப்போது கார்முகில் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டுகிற சாக்கில் அவளிடம் குனிந்தான். முகம் வெளிறிக் கிடந்தது.

“அக்கா, ஒண்ணும் பேசிடாத. தெரிஞ்சா ஒன்னய இந்த வூட்ல வச்சிருக்க மாட்டாங்க. கவியாவ நெனச்சுப் பாரு.”

கவியா அவளுடைய ஒரே மகள், பிளஸ் டூ படிக்கிறவள். அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அந்தப் பாதத்தில் ஒட்டியிருந்த மரப்பட்டைத் துணுக்குகளை ஒவ்வொன்றாக நகத்தால் எடுத்துக்கொண்டிருந்தாள். தாமரை தண்ணீரைக் குடிக்கவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து வேறு கயிறு வந்தது, பாடை கட்டி முடிந்தது. வாய்க்கரிசி போட்டார்கள். மகன் இல்லாததால் தங்கப்பன் மொட்டையடித்துக்கொண்டு கொள்ளிச்சட்டியைத் தூக்கினான். கார்முகில் பின்பக்கம் தோள் கொடுத்தான். பறை முன்னால் போக, பெண்கள் தெருமுனை வரை பின்னால் வந்தார்கள். அதற்குமேல் அவர்களுக்கு வழக்கம் இல்லை. தாமரையை இரண்டு பக்கமும் இரண்டு பேர் தாங்கி நடத்தினார்கள்.

தெருமுனையில் பாடையை இறக்கித் திசை மாற்றினார்கள். பறை நின்றது. பத்தடி தள்ளி அஜ்மீர் நின்றிருந்தான். இரண்டு நாள் தாடி, கசங்கிய சட்டை. கிட்ட வரவும் பயம், போகவும் மனசில்லை. பாடையையே பார்த்துக்கொண்டிருந்தவன் அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். என்ன பாவம் செய்தான் இந்த மனுஷன், நான் செய்ததற்கு இவன் தலை குனிகிறானே என்று நினைத்தாள்.

“மாமா,” என்றாள் தங்கப்பனின் முதுகைப் பார்த்து. “கயிறு நல்ல கயிறுதான். வியாழக்கெழம எந் தம்பி வண்டிய டிராக்டர வச்சு இழுக்க நாந்தான் எடுத்துக் குடுத்தேன். அவருக்குத் தெரியாது. அஜ்மீர் அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல.”

தாங்கியிருந்த இரண்டு கைகளும் அவளை விட்டுவிட்டன. கொள்ளிச்சட்டி தூக்கியவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. தங்கப்பன் திரும்பவில்லை. சட்டியின் புகை அவன் மொட்டைத் தலைக்கு மேல் நேராக ஏறிக்கொண்டிருந்தது. அவன் தோள் மட்டும் ஒரு தடவை குலுங்கியது.

அப்படியே நின்றபடி சொன்னான்: “அஜ்மீரு. வந்து தோள் குடுடா.”

கார்முகில் ஏற்கெனவே மூங்கிலை விட்டு விலகியிருந்தான். அஜ்மீர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். தாமரையைக் கடக்கும்போது ஒரு கணம் நின்று பார்த்தான். நன்றி இல்லை அந்தப் பார்வையில், கோபம்தான் இருந்தது. சொல்லித்தானே கொடுத்தேன் என்கிற கோபம். அதற்கு அவனுக்கு உரிமை உண்டு என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாடை எழும்பிப் போனது.

திரும்பும்போது யாரும் அவளைத் தாங்கவில்லை. பெண்கள் முன்னால் போய்விட்டார்கள். ஜஸீலாவும் போய்விட்டாள். வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள், வாசலெல்லாம் ஈரம். தாமரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

இன்னொன்று இருந்தது. அதை அவள் தெருமுனையில் சொல்லவில்லை. எந்த முனையிலும் சொல்ல முடியாது.

நேற்றுக் காலை அவன் வழக்கம்போலக் கயிற்றோடு வாசலில் உட்கார்ந்தான். கண்ணை மூடி, முதல் நாலு முழம்கூட இழுத்துவிட்டான். அவள் டீயோடு ஓடிவந்தாள். நேத்தே நான் முழுசும் பாத்துட்டேன், நேரமாவுது, கெளம்புங்க என்றாள். பாத்துட்டியா என்று கேட்டான். பாத்துட்டேன் என்றாள். சிரித்துக்கொண்டே சுருளைத் தோளில் போட்டுக்கொண்டான். கயிறு அறுந்துபோகும் என்று அவள் நினைக்கவே இல்லை. அவன் கண்டுபிடித்துத் திட்டுவானே என்றுதான் பயந்தாள். ஒரு திட்டுக்குப் பயந்தாள்.

அப்போது கவியா பல் துலக்கிக்கொண்டு குழாயடியில் நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் எழுந்து, காலையில் போட்ட இடத்திலேயே கிடந்த கயிற்றை எடுத்து வந்து, அம்மாவுக்கு எதிரே ஈரத்தரையில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். கயிற்றின் முனையை இடது கைப்பிடிக்குள் விட்டு, வலது கையால் மெல்ல இழுக்க ஆரம்பித்தாள். சிவப்பும் வெள்ளையும் அங்குலம் அங்குலமாக அவள் விரல்களுக்குள் போய் மறுபக்கம் வந்தன. தாமரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதிக் கயிறு போனதும் கை நின்றது. கட்டைவிரல் அந்த இடத்தை ஒரு தரம் அழுத்தியது, இன்னொரு தரம் அழுத்தியது. கவியா கண்ணைத் திறக்கவில்லை.