இறால் வியாபாரியின் கடிதம்

"கல்லூரிக்குப் போட, படிப்பிக்காத ஒராளிட்டயும் நற்சான்றுக் கடிதம் வேணுமாம் அப்பா" என்று சுகந்தினி சொன்னபோது, பேர்னாட் தோணியைத் தள்ளியபடியே, "பின்னேரம் ஆரையும் கேப்பம்" என்றார். அன்று வாவியில் விழுந்த மின்னல் அவரைக் கொண்டுபோனது.

ஒரு மாதம் கழித்து அவளே தோணி எடுத்தாள். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் நெருங்கியதும் ஊரில் நற்சான்று எழுதிக் கொடுக்கும் சமாதான நீதவானிடம் போனாள். அவர், "இவரைப் பத்து வருடங்களாக நன்கறிவேன்" என்று அச்சடித்து வைத்திருந்த தாளை எடுத்து, "உன்ட பேரென்ன புள்ள?" என்றார்.

"என்னைத் தெரிஞ்ச ஆளிட்ட வாங்கிறன் சேர்" என்று எழுந்துவிட்டாள்.

கரையில் அவளிடம் இறால் வாங்கும் மக்டலின், அவள் கடிதம் கேட்டதும் சிரித்தார். "என்ட கடிதத்தைக் கண்டா உன்னைத் துரத்திருவாங்க. என்ன பதவியெண்டு போட?"

"இறால் யாவாரியெண்டு போடுங்க மாமி. துரத்தினாத் துரத்தட்டும்."

மக்டலின் தராசுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து எழுதினார்: "தகப்பன் செத்த வாவியிலேயே தோணி விடுகிறாள். பெரிய இறாலுக்கு அடியில் சின்னதை ஒளிக்கமாட்டாள். இறாலோடு வரும் தண்ணீருக்கென்று நான் கிலோவுக்கு நூறு கிராம் கழிப்பது அநியாயமென்று முகத்துக்கு நேரே சொல்லுவாள். அது உண்மை."

ஒரு சொல்லும் மாற்றாமல் சுகந்தினி அதை அனுப்பினாள். மறுநாளும் மக்டலின் நூறு கிராம் கழித்தார்.