டயர்க் கடைக் கூரை

ஏரியைப் பார்க்கக் கிளம்பிய அக்காவும் தங்கையும் பாதி வழியிலேயே இறங்க வேண்டியதாயிற்று. பஸ் புகையைக் கக்கி நின்றுவிட்டது. "அடுத்த வண்டி நாலு மணிக்கு" என்று கண்டக்டர், ஏதோ நாலு நிமிஷம் என்பதுபோலச் சொல்லிவிட்டு நகர்ந்தார். அப்போது மணி பதினொன்று.

அக்கா தையற்கடைக்காரி. பதினாறு வருஷத்தில் முதல்முறையாக மூன்று நாள் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். தங்கை பல் டாக்டரிடம் உதவியாளர். நாள் முழுக்க ஊரார் வாய்க்குள்ளேயே பார்த்து அலுத்துப்போய், கொஞ்சம் வெளியிலும் பார்ப்போமே என்று கேமரா வாங்கியிருந்தாள்.

சாலையின் இந்தப் பக்கம் ஒரு சலூன், அந்தப் பக்கம் ஒரு டயர்க் கடை, சலூனை ஒட்டி ஒரு தண்ணீர்க் குழாய். தங்கை அசரவில்லை. சலூன் வாசலில் காய்ந்த துண்டுகளை எடுத்தாள். குழாயடியில் வரிசை பிடித்து நின்ற காலி வாளிகளைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்தாள்.

"வாளியைப் படம் பிடிக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்? நம்ம வீட்ல இல்லாத வாளியா?"

"நம்ம வீட்டு வாளி இப்படிச் சண்டை போடாம நிக்குமாக்கா?"

சலூன்காரர் தலையை அவசரமாக வாரிக்கொண்டு வந்து, "என்னையும் ஒண்ணு எடுங்கம்மா" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார். அக்காவுக்கு மானம் போயிற்று. விறுவிறுவென்று டயர்க் கடை நிழலுக்குள் நுழைந்துவிட்டாள். கடைக்காரர் இரண்டு பழைய டயரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, "உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தவள் களைப்பில் தலையை நிமிர்த்தினாள். நிமிர்த்திய தலை இறங்கவே இல்லை.

மேலே இருந்தது தார்ப்பாய்க் கூரை. ஆனால் தார்ப்பாய் பாதிதான், மீதியெல்லாம் ஒட்டு. கிழிந்த மஞ்சள் மழைக்கோட்டு, சிவப்புக் குடைத்துணி, நீலப் பேனர், சாக்கு. உச்சிவெயில் அதன் வழியாக இறங்கி, தரையையும் டயர்களையும் கடைக்காரரின் வெள்ளைச் சட்டையையும் கட்டம் கட்டமாகச் சாயம் பூசியிருந்தது.

"யாருங்க இதைத் தச்சது?"

"நான்தான். ஊசியில நூல் கோக்கவே அரைநாள் ஆச்சு." அவர் நெளிந்தார். "சிரிக்காதீங்க."

"யாரு சிரிச்சா? ரெட்டைத் தையல் போட்டிருக்கீங்க. என் கடையில ரெண்டு வருஷமா இருக்கிறவளுக்கே இது வரல!"

அடுத்து அக்கா சலூன் வாசலுக்கு ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத் தங்கை பயந்தே போனாள். "குடுடி அதை!" கேமராவைப் பிடுங்கினாள். நின்று எடுத்தாள், சரிப்படவில்லை. புதுத் துணி என்றும் பாராமல் டயர்களுக்கு நடுவே மல்லாந்து படுத்தாள். "அண்ணே, கொஞ்சம் மஞ்சளுக்கு வாங்க. இன்னும்... போதும், இப்ப சிவப்புக்குப் போங்க." அவரும் கையில் ஸ்பானரோடு நிறம் நிறமாக நகர்ந்துகொண்டிருந்தார். பஞ்சர் ஒட்ட வந்தவரும் வண்டியை நிறுத்திவிட்டு நீலத்தில் போய் நின்றுகொண்டார்.

நாலு மணி வண்டி ஹாரன் அடித்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு" என்றாள். தங்கை பஸ் படிக்கட்டில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று டிரைவரிடம் கெஞ்ச, கடைக்காரர்தான் அக்காவைக் கைத்தாங்கலாக எழுப்பி ஏற்றிவிட்டார். முதுகு முழுக்கக் கரி.

வழியெல்லாம் அக்கா எடுத்த படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பக்கத்து சீட்டுப் பெண்ணுக்குக் காட்டினாள். டிரைவருக்கும் காட்டப் போய் திட்டு வாங்கினாள்.

ஏரிக்கரையில் அவர்கள் இறங்கும்போது சூரியன் மறைந்துகொண்டிருந்தது. தண்ணீர் முழுக்கப் பொன். தங்கை கேமராவை வாங்கி ஆசை ஆசையாகக் கண்ணில் வைத்தாள். கறுப்பு. தட்டிப் பார்த்தாள். உயிர் இல்லை.

"அக்கா! சார்ஜ் மொத்தத்தையும் தீத்துட்டியா?"

அக்கா திருதிருவென்று விழித்தாள். தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அக்காவும் மெல்ல வந்து ஒட்டி உட்கார்ந்தாள். இருட்டும்வரை இருவரும் ஏரியைப் பார்த்தார்கள்.

"ஏண்டி," என்றாள் அக்கா தயங்கித் தயங்கி, "திரும்பிப் போற வண்டி அந்த டயர்க் கடைகிட்ட நிக்குமா?"

தங்கை இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அவள் தலையில் ஊற்றினாள்.