இருமுகிறவனுக்கு வாசல் இல்லை

அரிமளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, தகரப்பெட்டியைத் தலையில் சுமந்து ஒன்றரை மைல் நடந்து, இருமிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான் ஆண்டிச்சாமி. வந்தால், வாசலில் குறுக்கே உலக்கையோடு நிற்கிறாள் அமராவதி. அவன் பெண்டாட்டி செவந்திக்கு உடன்பிறந்த அக்காள்.

"அங்கிட்டே நில்லு மாப்புள. மாட்டுக்கொட்டாய்ல பாய் போட்டுருக்கேன், கஞ்சி அங்கயே வரும். காச்சலும் இருமலும் போகட்டும், அப்பறம் உள்ள வா."

"என் வீட்டுக்குள்ள போக ஒங்கிட்ட உத்தரவு கேக்கணுமாக்கும், மதினி?"

அமராவதிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஊரே பேசியது. பேசட்டும், ஊர் வாயை மூட உலைமூடி ஏது! ஊர்க்காரிகளா பார்த்தார்கள்? புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தவள் அவள். அந்த ஐம்பத்தேழாம் வருஷம் ஆனி மாதம், கப்பலில் வந்த புளூ காய்ச்சல் வார்டெல்லாம் நிறைந்து கிடந்தது. ஆம்பளைகள் நாலு நாள் முனகிவிட்டு எழுந்து போனார்கள். நிறைமாதக்காரிகள் எழுந்திருக்கவில்லை. ஒரே வாரத்தில் ஐந்து பேர், உதடு கறுத்து, மூச்சுக்குத் தவித்துச் செத்தார்கள். ஐந்து பேருக்கும் இவள்தான் துணி போர்த்தினாள். "வயித்துல பிள்ளை இருக்கப்ப நெஞ்சுக்கு ஏற்கெனவே பாரம். இது வேற பூந்துச்சுன்னா தாங்காது" என்று டாக்டரம்மா சொன்ன அன்றைக்கே வேலையை உதறிவிட்டுத் தங்கச்சியிடம் வந்துவிட்டாள். வந்தவளும் நேரே உள்ளே போகவில்லை. அதே மாட்டுக்கொட்டகையில் தனியாக ஐந்து நாள் கிடந்து, இருமல் இல்லையென்று தெரிந்த பிறகுதான் வாசற்படி ஏறினாள். செவந்திக்கு இன்றோ நாளையோ வலி எடுக்கும்.

"எட்டு மாசம் பினாங்குல கெடந்து, பெண்டாட்டி மொகத்தப் பாக்க வந்துருக்கேன். தள்ளு!"

"பாக்குறதுக்கு அவ உசுரோட இருக்கணுமில்ல? கப்பல்ல எத்தன பேரு இருமுனான், சொல்லு!"

அவன் பெட்டியைப் பொத்தென்று போட்டுவிட்டு உலக்கையைப் பிடித்து முறுக்கினான். அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். அவன் அவள் கொண்டையைப் பிடித்து முகத்தை நிலைக்கட்டையில் மோதினான். உதடு கிழிந்து, பல்லொன்று ஆடியது. காய்ச்சல்காரனுக்கு எங்கிருந்து இவ்வளவு பலமோ! ஒரு காலைப் படியில் வைத்துவிட்டான். அமராவதிக்கு அந்தக் கால்தான் கண்ணில் பட்டது. உலக்கையை ஓங்கி அவன் மண்டையில் போட்டாள்.

ஆண்டிச்சாமி வாசலில் குப்புற விழுந்தான். புழுதியில் ரத்தம் ஓடியது.

"அய்யோ, மச்சான்!"

செவந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அக்காளைத் தள்ளிவிட்டு மண்ணில் உட்கார்ந்து, புருஷன் தலையை மடியில் தூக்கிப் போட்டு, முந்தானையால் காயத்தை அழுத்தினாள். அவன் அவள் முகத்துக்கு நேரே இருமினான். இருமி இருமி அழுதான்.

"செவந்தி, எந்திரிடி! உள்ள போடி பாவி!" அமராவதி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

செவந்தி அக்காள் கன்னத்தில் பளாரென்று அறைந்தாள். "நீ தாலியறுத்தது பத்தாதுன்னு என் தாலியையும் அறுக்க வந்தியா?"

மூன்றாம் நாள் செவந்திக்குக் காய்ச்சல் கண்டது. அதன் மறுநாள் காலையில் வலி எடுத்தது. மருத்துவச்சி சின்னப்பிள்ளை "முக்கு தாயி, முக்கு" என்று கத்துகிறாள். முக்குவதற்கு மூச்சு இருந்தால்தானே? கண் செருகும்போதெல்லாம் அமராவதி தங்கச்சியைக் கன்னத்தில் அறைந்து எழுப்பினாள். "சாகாதடி, சாகாதடி" என்று சொல்லிச் சொல்லி அறைந்தாள். பெண் பிள்ளை பிறந்தது. செவந்தியின் உதடு கறுத்துக்கொண்டே வந்தது. மறுநாள் வெயில் ஏறுவதற்குள் போய்விட்டாள்.

தலையில் கட்டோடு மாட்டுக்கொட்டகையிலிருந்து உள்ளே வந்தான் ஆண்டிச்சாமி. காய்ச்சலும் இருமலும் அவனை விட்டுப் போயிருந்தன. பிணத்தைப் பார்த்தான். பிள்ளையை வைத்துக்கொண்டிருந்த அமராவதியை ஓங்கி அறைந்தான்.

"நீ என்னய அடிக்காம இருந்தா அவ வெளிய வந்துருக்கவே மாட்டா!"

"ஆமா" என்றாள் அவள்.

நீ அங்கிட்டே நின்றிருந்தால் நான் அடித்திருக்கவே மாட்டேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது! தங்கச்சியை நானேதான் அவன் இருமலுக்கு நேரே கொண்டுபோய்த் தள்ளினேன் என்று பட்டது. இரண்டாவது அறையையும் வாங்கிக்கொண்டாள். மூன்றாவதுக்கு அவன் கை ஓங்கியபோது அவளுக்கு இருமல் வந்தது.

சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காலையிலிருந்தே உடம்பு அனலாய்க் கொதித்தது. அழுத அலுப்பு என்று நினைத்திருந்தாள்.

"இந்தா, பிள்ளைய வாங்கு. ஒனக்கு வந்து போயிருச்சு, நீ தூக்கலாம். நேரா பிச்சையம்மா வீட்டுக்குப் போ. அவளுக்குக் கைப்பிள்ள இருக்கு, பால் குடுப்பா. இங்க இழவுக்கு ஊரே வரும், எவ இருமுறான்னு பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

"பொணத்தப் போட்டுட்டு நீ எங்க போறே மதினி?"

"மாட்டுக்கொட்டாய்க்கு." இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு படி இறங்கினாள். "செவந்தியத் தூக்குறப்பவும் நான் வரமாட்டேன். இருமிக்கிட்டுப் பிள்ளைகிட்ட வந்தேன்னா, மதினின்னு பாக்காத. அடி."