நூறு கோடியே ஏழு

கல்லைப் பார்த்ததும் ரீபா டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் திறக்கவிருந்த கணித ஆய்வக வாசலில் கறுப்புக் கல் பளபளவென்று பதிந்திருந்தது. அதில் அவளுடைய பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் எண் இல்லை.

பிள்ளைகள் தேர்ந்தெடுத்தது 1000000007. பத்து இலக்கப் பகா எண்களில் ஆகச் சிறியது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதற்கும் வசப்படாதது. யாரோ சொன்னார்கள் என்று அவர்கள் நம்பிவிடவில்லை. அதன் வர்க்கமூலம் முப்பத்தோராயிரத்துச் சொச்சம். அதுவரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அவையே மூவாயிரத்துக்கு மேல் இருந்தன. ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டு, ஒரு பருவம் முழுக்கச் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து வகுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மீதி வந்தது. ‘இது பகா எண். சரிபார்த்தவர்கள்: பதினொன்றாம் வகுப்பு மாணவியர்’ என்று கல்லில் ஏறத்தான் அத்தனை பாடும்.

கல்லில் இருந்ததோ 1000100007.

பள்ளித் தாளாளர் சிவசங்கரன் அண்ணாச்சி பந்தல்காரர்களை விரட்டிக்கொண்டிருந்தார். கார் நம்பரோ கல்யாணத் தேதியோ, கூட்டிப் பார்க்காமல் எதையும் தொடமாட்டார் மனுஷன்.

“உங்க நம்பரைக் கூட்டினா எட்டுல்லா வருது டீச்சர்? எட்டு நமக்கு ஆகாது. நடுவுல ஒரு சைபரை ஒண்ணாக்கச் சொன்னேன். இப்ப ஒம்போது. ராசியா இருக்கும்.”

“ஐயா, கூட்டி ஒம்போது வந்தா ஒம்போதால வகுபட்டுரும். நீங்க கூட்டின கூட்டலே இது பகா எண் இல்லங்கிறதுக்குச் சாட்சி. ஆறாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும்.”

“யாரு உக்காந்து வகுக்கப் போறா?”

“எங்க பிள்ளையள் வகுத்தாங்கய்யா! கீழ அவுங்க பேருல்லா கிடக்கு? பொய்க்கு அவுங்களைச் சாட்சி வச்சிருக்கீங்க.”

“கல்லு பதிச்சாச்சு. நாளைக்கு விழாவுல நீங்க வாயைத் தொறக்கப்பிடாது. வேலையில இருக்கணும்லா?”

என்ன திமிர்! கார் நம்பரை மாற்றுகிற மாதிரி கணக்கை மாற்றிவிட்டு மிரட்டல் வேறு. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நேரே வகுப்புக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

மறுநாள் சிறப்பு விருந்தினராக வந்த ஓய்வுபெற்ற பொறியாளர் திரையை விலக்கினார். கல்லை ஒரு மாணவி உரக்க வாசிப்பது அந்தப் பள்ளி வழக்கம். பதினொன்றாம் வகுப்பு டார்லின் முன்னால் வந்தாள்.

“நூறு கோடியே ஏழு!”

பொறியாளர் கண்ணாடியைச் சரிசெய்து, எண்மேல் விரலை ஓட்டினார். “நடுவுல ஒரு ஒண்ணு கிடக்கே பாப்பா. நூறு கோடியே ஒரு லட்சத்து ஏழுல்லா?”

“அது எங்க எண் இல்ல சார். எங்க எண்ணை எதாலயும் வகுக்க முடியாது. இதை ஒம்போதால வகுத்திரலாம், கூட்டிப் பாருங்க.”

அவர் கூட்டிப் பார்த்தார். பிறகு தாளாளரைப் பார்த்தார். அதற்குள் பின்வரிசைப் பிள்ளைகள் மொத்தமும் எழுந்து நின்று, “நூறு கோடியே ஏழு! நூறு கோடியே ஏழு!” என்று பந்தலே அதிரச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

அண்ணாச்சிக்கு முகம் கறுத்துவிட்டது. ரீபாவிடம் ஓடிவந்தார். “டீச்சர், பிள்ளையளை அடக்குங்க! எதாவது சொல்லுங்க!”

ரீபா கைகளைக் கட்டிக்கொண்டாள்.

“நீங்கதானய்யா என்னை வாயைத் தொறக்கப்பிடாதுன்னீங்க?”